அளவுப் புத்தகத்தைச் சாலைக்கு வரவழைத்த கதை

எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. முதல் மழைக்கே ஓரம் உதிர்ந்து ஜல்லி தனியாகக் கிடந்தது. நீளம் 180 மீட்டர், அகலம் 3 மீட்டர் என்று பணி விவரப் பலகையில் இருந்தது. தடிமனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. இந்த வேலையில் இறங்குகிற மற்றவர்களுக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும்.

முதல் மனு வீண். “சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது, யார் பொறுப்பு?” என்று கேட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து, நான் கேட்டது தகவல் இல்லை, விளக்கம் என்று பதில் வந்தது. கோபமாக இருந்தது, ஆனால் அது சரியான பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ‘ஏன்’ என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டாம் மனுவில் அப்படியே செய்தேன். மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் (முடிந்த வேலையை அளந்து எழுதி வைக்கும் பதிவேடு) இந்தப் பணிக்குரிய பக்கங்கள், கான்கிரீட் சோதனை அறிக்கை எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டேன். கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன்: “பிரிவு 2(ஜே)-யின்படி இப்பணியை நேரில் ஆய்வு செய்ய அனுமதி வேண்டும்.” தயவுசெய்து இந்த வரியை விட்டுவிடாதீர்கள். தாளைப் பார்ப்பது மட்டுமல்ல, பணியையே பார்க்கவும், பொருளின் மாதிரியை எடுக்கவும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

30 நாள் கடந்தும் பதில் இல்லை. இரண்டு பஸ் மாறி நேரில் போனேன். “அளவுப் புத்தகம் தணிக்கைக்குப் போயிருக்கிறதம்மா, அடுத்த வாரம் வாருங்கள்” என்றார் எழுத்தர். அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாம் முறை, எந்தத் தேதியில் எந்தக் கடித எண்ணில் போனது என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் முகம் மாறியது, எழுதித் தரவில்லை. “உங்களுக்கு எதற்கம்மா இந்த அலைச்சல்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் மனதில் தைத்துக்கொண்டிருக்கிறது. நடப்பது என் தெருவில், பணம் எல்லோருடையது. நான் அலையாமல் யார் அலைவது?

மேலதிகாரியிடம் செய்த முதல் மேல்முறையீட்டில் இதையெல்லாம் தேதியோடு எழுதினேன். இதற்கு 30 நாள்தான் கெடு, தவறவிடக் கூடாது. விசாரணையன்று, ஒப்பந்ததாரர் மூன்றாம் தரப்பு, அவருடைய வணிக ரகசியம் வெளியே போய்விடும் என்று வாதம் வைத்தார்கள். பொதுப் பணத்தில் போட்ட சாலையின் நீள அகலத்தில் என்ன ரகசியம் இருக்கிறது என்று கேட்டேன். மேல்முறையீட்டு அலுவலர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு அனுப்புகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். புத்தகம் தணிக்கைக்குப் போனதாக ஒரு பதிவும் இல்லை. மதியத்துக்குள் பணி மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையிலிருந்து அது வந்து சேர்ந்தது! கெடு தாண்டியதால் நகல்களுக்குக் கட்டணமும் கிடையாது. அது பிரிவு 7(6).

நகல்களைப் பிரித்து உட்கார்ந்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. மேடும் பள்ளமுமான எங்கள் தெருவில் எல்லா வரியிலும் ஆழம் 0.15 மீட்டர் என்றே இருந்தது. சோதனை அறிக்கையில் ‘28 நாள் வலிமை’, அதாவது கான்கிரீட் போட்டு 28 நாள் கழித்துச் சோதித்த வலிமை, என்று போட்டிருந்தார்கள். கான்கிரீட் போட்டு முடித்த தேதிக்கும் அறிக்கைத் தேதிக்கும் இடையே இருந்ததோ 16 நாள். சோதனை அறிக்கை கிடைத்தால் முதலில் இந்தத் தேதிகளைக் கழித்துப் பாருங்கள்.

ஆய்வு நாளன்று உதவிப் பொறியாளரும் மேற்பார்வையாளரும் வந்தார்கள். வந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். ‘நேரில் ஆய்வு செய்தேன், குறை ஏதும் இல்லை’ என்று முன்கூட்டியே தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட மறுத்தேன். நீங்களும் போடாதீர்கள். அளந்த பிறகு, அந்த இடத்திலேயே கையால் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டால்தான் அதற்கு மதிப்பு.

ஓரத்தில் மண்ணைத் தோண்டி அளந்தபோது 11, 10, 12 செ.மீ. என்று வந்தது. “ஓரத்தில் குறைவாகத்தான் இருக்கும், நடுவில் சரியாக இருக்கும்” என்றார்கள். அதற்கும் வழி இருந்தது. குடிநீர் இணைப்புக்காக ஒரு வீட்டின் முன் சாலையைக் குறுக்கே வெட்டி, இன்னும் மூடாமல் வைத்திருந்தார்கள். அங்கே நடுப்பகுதியிலும் 11 செ.மீ.தான். ஏழு இடங்களில் அளந்து, சராசரியும் 11 என்று முடிந்தது. கணக்குப் போட்டேன்: புத்தகத்தின்படி 81 கன மீட்டர் கான்கிரீட், சாலையில் இருப்பது ஏறக்குறைய 59. மீதி 22 கன மீட்டருக்கும் பட்டியல் (பில்) போட்டுப் பணம் கொடுத்தாகிவிட்டது.

தணிக்கையில் இது ஏன் சிக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். உள்ளூர்த் தணிக்கையில் பெரும்பாலும் தாள்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். மதிப்பீடும் அளவுப் புத்தகமும் பட்டியலும் ஒத்துப்போனால் தணிக்கையில் ஆட்சேபம் எழாது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளில், துறை அலுவலர்களோடு சேர்ந்து களத்துக்கே போய்ப் பார்த்த கூட்டு ஆய்வுகள் அடிக்கடி வருகின்றன. ஊராட்சிச் சாலைக்கும் அது வேண்டும்.

ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகையை நிறுத்தி வைத்திருப்பதாக எழுத்தில் பதில் வந்திருக்கிறது. சாலையை இன்னும் திருத்தவில்லை. கூட்டு ஆய்வுக் குறிப்பின் சான்றிட்ட நகல் என்னிடம் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டேன்.