என்ஜின் ஓடும்போது எரிபொருள்: முதலில் காற்றைப் பாருங்கள்

கத்தரி வெயிலில் புதுச்சேரியும் கடலூரும் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான். ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச ஃபிளாஷ் பாயின்ட்டும் அதே 38 டிகிரி செல்சியஸ். மேலே எழும் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை அது. ‘மண்ணெண்ணெய் ஜாதிதானே, லேசில் பிடிக்காது’ என்ற தைரியம் மே மாதத் தார்த்தரையில் உதவாது. பயிற்சி விமானங்களுக்குப் போடும் ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயே பற்றும். அதை என்ஜின் ஓடும்போது தொடவே கூடாது.

டாங்கில் எரிபொருள் ஏற ஏற, உள்ளிருந்த ஆவி இறக்கையிலுள்ள வென்ட் என்ற காற்றுத்துளை வழியாக வெளியேறும். அந்த ஆவி ஓடும் என்ஜின் பக்கம் போகக் கூடாது. அதனால்தான் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். நம் கரையில் கோடைக் காலையில் நிலக்காற்று, மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று. காலையில் சரியாக இருந்த நிறுத்தம் மாலையில் தப்பாகிவிடும்.

பெரிய ஜெட்டில் ஏபியு (தரையில் மின்சாரமும், என்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றும் தரும் சிறு துணை என்ஜின்) பழுது, தரையில் காற்று கொடுத்து ஸ்டார்ட் செய்யும் வண்டியும் இல்லை என்றால்தான் என்ஜினை ஓடவிட்டு நிரப்பும் பேச்சே எழ வேண்டும். விமான நிலையத்தின் அனுமதி, நிறுவனத்தின் எழுத்து நடைமுறை, அருகில் தயாராகத் தீயணைப்பு வண்டி: மூன்றும் வேண்டும். பயணிகள் எல்லோரும் இறங்கியிருக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே லாரி நெருங்கலாம். குழாய் மாட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க என்ஜின் மட்டும் ஓடலாம். லாரி, பின்னால் எடுக்காமல் நேராக வெளியேறும்படி நிற்கட்டும். ஒருவர் ஹெட்செட்டில் விமானியுடன் கடைசிவரை தொடர்பில் இருக்க வேண்டும்.

முதலில் லாரிக்கும் விமானத்துக்கும் நிலைமின்சாரத்தைச் சமன்செய்யும் பாண்டிங் கம்பி, பிறகுதான் குழாய். கழற்றும்போது குழாய் முதலில், கம்பி கடைசியில். வரிசை மாறினால் நிலைமின்சாரப் பொறி குழாய் வாயிலேயே தெறிக்கும். இறக்கையின் மேல்மூடியைத் திறந்து ஊற்றும் வேலையே வேண்டாம், அழுத்தக் குழாய் மட்டும். டெட்மேன் சுவிட்சைக் கையில் பிடித்தே இருக்க வேண்டும், விட்டால் ஓட்டம் நின்றுவிடும். கை வலிக்கிறதென்று சுவிட்சைக் கட்டிவைப்பதைப் போன்ற குற்றம் இந்த வேலையில் வேறில்லை. கசிவு தெரிந்தால் கையை விடுங்கள், என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், சிந்திய இடத்தில் எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி நெருங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

லாஸ்பேட்டையிலுள்ள புதுச்சேரி விமான நிலையத்துக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானம் வேறு கதை. அதில் ஏபியு கிடையாது. தரையில் மின்சாரத்துக்கும் ஏசிக்கும் வலது என்ஜினை ஓடவிட்டு, புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்துவார்கள், பெயர் ஹோட்டல் மோட். எரிபொருள் மாட்டும் வாயும் அதே வலப்பக்கம், சக்கரக் கூட்டின் அருகே. ‘எதிர்ப்பக்க என்ஜின்’ விதி இங்கே பொருந்தாமல் போகிறது. புரொப்பல்லர் நின்றிருந்தாலும் புகைவாய் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஏடிஆர் மின்சாரத்திலேயே ஸ்டார்ட் ஆகும் விமானம். 28 வோல்ட் டிசி தரும் ஜிபியு என்ற தரை மின்சார வண்டி ஒன்று இருந்தால் என்ஜினை முழுதாக அணைத்துவிட்டே நிரப்பலாம், பிறகு அதிலிருந்தே ஸ்டார்ட் செய்யலாம். ஜிபியு பழுதாகிக் கிடந்தால், ஹோட்டல் மோடுக்கு அனுமதி தேடுவதற்கு முன் அந்த வண்டியைச் சரிசெய்யுங்கள்.