மகாதமனியில் இரண்டாவது அறுவை

2017 ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில் அண்ணனுக்கு, உடலின் மிகப் பெரிய இரத்தக்குழாயான மகாதமனி கிழிந்தபோது, முதுகுக்குள் கத்தியை இறக்கி இழுப்பது போலிருக்கிறது என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. இதயத்திலிருந்து மேலெழும் பகுதியில் தமனியின் உட்சுவர் பிளந்து, அடுக்குகளுக்கு நடுவே இரத்தம் புகுந்து, தனக்கென ஒரு பொய்ப்பாதையை உண்டாக்கிக்கொள்ளும் நிலை அது. விடிவதற்குள் கிழிந்த இடத்தை வெட்டியெடுத்து டேக்ரான் என்ற செயற்கைத் துணியாலான குழாயைத் தைத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், நோயும் தீர்ந்தது என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

அவசர அறுவையில் பெரும்பாலும் மாற்றப்படுவது, வெடித்தால் அந்தக் கணமே உயிரைக் கொண்டுபோகும் மேலெழு பகுதி மட்டுமே. மேலெழுந்த தமனி திரும்பும் வளைவிலும் அதற்குக் கீழே வயிறு வரையிலும் பிளவு பலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது. பொய்ப்பாதையில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் மெலிந்த வெளிச்சுவர் மெல்ல விரிந்துகொண்டே போகும். சிலருக்கு இதயத்தோடு இணையும் வேர்ப்பகுதி வீங்கி வால்வு கசியும். சிலருக்குத் தையல் போட்ட இடத்தில் புடைப்பு உண்டாகும்.

ஆறு மாதத்தில் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற வரி டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அதன்பின் எடுத்த ஸ்கேன்களில் தெரிந்த மகாதமனியின் விட்டத்தை ஃபைல் அட்டையின் பின்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்: 4.6, 4.8, 5.1, 5.7 சென்டிமீட்டர். 5.5 ஐத் தாண்டினால் அறுவையைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், கடைசி எண்ணை எழுதும்போது கை நடுங்கியது.

மறு அறுவையில் மார்பைத் திறப்பதே பெரிய கண்டம். பழைய குழாய் மார்பெலும்பின் உட்பக்கத்தோடு ஒட்டியிருந்தால், ரம்பம் சற்றே ஆழமாக இறங்கினாலும் இரத்தம் பீறிட்டுவிடும். ஆகவே எலும்பைத் தொடுவதற்கு முன்பே தோளருகிலுள்ள தமனியில் குழாய் செருகி, இதய நுரையீரல் இயந்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். பிறகு உடலைக் குளிர்வித்து, மூளைக்கு மட்டும் இரத்தம் செலுத்தியபடி வளைவை மாற்றி, இறங்கு பகுதிக்குள் ஸ்டென்ட் எனும் உலோக வலைச்சட்டம் பொருத்திய குழாயை இறக்கினார்கள். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹான்ஸ் போர்ஸ்ட் 1983 இல் விவரித்த ‘யானைத் துதிக்கை’ முறையின் வளர்ந்த வடிவம் இது.

“இது சின்ன ஆபரேஷன் இல்லை தம்பி, பக்கவாதம் வரலாம், கால்கள் செயலிழக்கலாம். ஆனால் வெடித்த பிறகு தூக்கிக்கொண்டு வருபவரையும், தேதி குறித்து நடந்து வருபவரையும் நான் ஒன்றாகப் பேசமாட்டேன்” என்றார் அறுவை மருத்துவர். அனுபவமுள்ள இடத்தில் திட்டமிட்டுச் செய்யும்போது பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள். அவசரத்தில் செய்தால் ஆபத்து பன்மடங்கு. அந்த இரண்டு ஆண்டுகளில் எங்களுக்கு எதுவும் நேராதது வெறும் அதிர்ஷ்டம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அண்ணன் நடந்துதான் உள்ளே போனார், பதினெட்டாம் நாள் நடந்தே வீடு வந்தார். வளைவை ஒட்டிச் செல்லும் குரல் நரம்பு பாதிக்கப்பட்டதால் நான்கு மாதம் கிசுகிசுப்பாகவே பேசினார். இப்போது குரல் தெளிந்துவிட்டது. இரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும் அவரே பார்த்து எழுதுகிறார். சளிக் காய்ச்சலென்று போனாலும் மகாதமனிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறார், ஏனெனில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை இத்தகையவர்கள் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். வயிற்றுப் பகுதியில் பிளவு இன்னும் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் ஆவணியில். ஃபைல் அட்டையில் அதற்கும் இடம் விட்டிருக்கிறேன்.