மடிப்பு பிரித்த கோடு

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் சென்னை பிராட்வே பக்கத்து நடைபாதையில் 150 ரூபாய்க்கு ஒரு ஜீன்ஸ் வாங்கி வந்தாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண். வாங்கியது பழைய உடை என்று தெரிந்ததும் என் தங்கை அதைத் தொடாமல் ஒரு குச்சியால் தூக்கி வாளியில் போட்டு, கொதிநீரை ஊற்றி, "யாரு போட்டதோ, எந்த ஊட்டுதோ" என்று முணுமுணுத்தபடி சோப்புத்தூளைக் கொட்டினாள். மகளோ மொட்டைமாடிக் கொடியில் அது காய்வதற்குள் நான்கு முறை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான அந்தப் பிணக்கில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு உடனே விளங்கவில்லை, ஏனென்றால் தங்கையும் நானும் பழைய துணியில் வளர்ந்தவர்கள்.

எங்கள் அப்பா பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தையல் இயந்திரம் போட்டிருந்தார். தையல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தாடைக்குப் பஞ்சமிருக்காது என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொள்வார்கள். தைப்பதற்குக் கூலி மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் துணிக்குக் காசு வேண்டுமே. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது, வேறொரு பள்ளியில் படித்து முடித்த தெரிந்தவர் வீட்டுப் பெண்ணின் கருநீலப் பினஃபோரை அம்மா வாங்கி வந்தார். அதன் நெஞ்சுப் பகுதியில் இருந்த அந்தப் பள்ளியின் வட்ட முத்திரையை அப்பா பிளேடால் நூல்நூலாகப் பிரித்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் எங்கள் பள்ளி முத்திரையை வைத்துத் தைத்தார். எங்களுடையது சற்றே சிறியது. பழைய முத்திரைக்கு அடியில் வெயில் படாமல் இருந்த துணி, சுற்றிலும் வெளுத்துப்போன நீலத்துக்கு நடுவே கரும்பட்டையாகப் புதிய முத்திரையைச் சூழ்ந்து நின்றது. அந்த அரை விரற்கடை வளையத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஓராண்டு முழுவதும் புத்தகப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

இதை இப்போது நினைவுபடுத்தியது, தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்தில் நான் காலையில் பார்க்கும் இளைஞர் கூட்டம். தோளுக்குக் கீழே இறங்கி வழியும் ஓவர்சைஸ் டீ-ஷர்ட், பக்கவாட்டில் பெரிய பைகள் வைத்த கார்கோ, முழங்கைவரை சுருட்டிவிட்ட அப்பா காலத்துக் கட்டம் போட்ட சட்டை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பத்தாண்டிலிருந்து எதையாவது எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு மாணவர் அணிந்திருந்தது ஏதோ பணிமனையின் சாம்பல்நிறச் சட்டை. சட்டைப்பைக்கு மேலே யாரோ ஒருவருடைய பெயர் சிவப்பு நூலில் பூத்தையலாக அப்படியே இருந்தது. அந்தப் பெயர் அவருடையதாக இருக்க வாய்ப்பில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் அவரும் அணிந்திருந்தார்.

அப்பா காலமான பிறகு அவருடைய அளவுக் குறிப்பேடுகள் என்னிடம் வந்தன. இடுப்பு, சீட், தொடை, முட்டி, நீளம், பாட்டம் என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் துணித்துண்டைக் குண்டூசியால் குத்தியிருப்பார். ஊரில் எந்தப் பாணி எப்போது வந்தது, எப்போது போனது என்பதை அறிய அந்தக் கடைசி எண், அதாவது கால் முனைச் சுற்றளவின் அங்குலக் கணக்கு, ஒன்றே எனக்குப் போதும். எழுபதுகளின் பிற்பாதியில் பாட்டம் 26, 28 என்று பெல்பாட்டமாக விரிகிறது. எண்பதுகளில் மெல்லச் சுருங்கி 16க்கு வருகிறது. தொண்ணூறுகளில் பாட்டம் அதிகம் மாறாமல், இடுப்பில் மூன்று பிளீட் வைத்துத் தொடை மட்டும் ஊதிப் பெருக்கிறது. அதுதான் அந்நாளைய பாகி. பிறகு ரெடிமேட் வந்து முழு பேண்ட் தைப்பதே குறைந்துபோய், "பிடித்துக் கொடுக்க" மட்டும் ஆட்கள் வந்தபோது 13, 12 என்ற பென்சில் அளவுகள் தலைகாட்டுகின்றன. குறிப்பேடு அத்துடன் முடிகிறது. இன்றைய பிள்ளைகள் கேட்கும் அகலத்தை எழுத அவர் இருந்திருந்தால் பழைய பக்கத்தைப் புரட்டி, "இதுதானே?" என்று கேட்டிருப்பார்.

பாணிகளின் இந்த வருகைக்கும் போக்குக்கும் கால அட்டவணையே போட்டவர் ஒருவர் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937இல் வகுத்த கணக்கின்படி, ஓர் உடை தன் காலத்துக்குப் பத்தாண்டு முன்னால் ஆபாசமாகத் தோன்றும், உரிய காலத்தில் மிடுக்காக இருக்கும், ஓராண்டு கழிந்தால் சோபையிழக்கும், பத்தாண்டு கழிந்தால் அருவருப்பாகவும், இருபதில் கேலிக்குரியதாகவும், முப்பதில் வேடிக்கையாகவும், ஐம்பதில் விநோத அழகு கொண்டதாகவும் ஆகிவிடும். நூற்றைம்பது ஆண்டு கடந்தால் அழகு என்றே ஒப்புக்கொள்ளப்படும். இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தத்தான் செய்கிறது, பெல்பாட்டத்துக்கு இப்போது ஏறக்குறைய ஐம்பது வயது.

ஆயினும் லேவரின் அட்டவணை, ஓர் உடை பழசானதும் அதைக் கழற்றி வைத்துவிட முடிந்தவர்களுக்கானது என்றே எனக்குப் படுகிறது. எங்கள் தெருவில் ஒரு பேண்ட் கிழியும்வரை பேண்ட்தான். மிடுக்கு, சோபைக்கேடு, அருவருப்பு, கேலி என்ற எல்லாக் கட்டங்களையும் ஒரே மனிதர் ஒரே துணிக்குள் இருந்தபடியே கடந்தார். எங்கள் சித்தப்பா தம் திருமணத்துக்குத் தைத்த டெரிகாட்டன் பெல்பாட்டத்தைத் தொண்ணூறுகள்வரை துறைமுக வேலைக்கு அணிந்து போனார். பாலியஸ்டர் கலந்த அந்தத் துணி கிழியவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவருக்கு அது பாணியின் எந்தக் கட்டமும் இல்லை, மாற்றிக்கொள்ள வேறு இல்லை, அவ்வளவுதான்.

அணிந்து கழித்த உடைகள் நடைபாதைக்கு வந்து சேரும் வழியும் பாணியைத் தீர்மானிக்கிறது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துத் தெருத்தெருவாகப் போகும் பெண்கள் சேர்க்கும் மூட்டைகள் பிரிக்கப்படும்போது, நல்லவை துவைத்துத் தேய்க்கப்பட்டு விற்பனைக்குப் போகின்றன. நைந்தவை வெட்டப்பட்டு மெக்கானிக் கடைகளுக்குக் கை துடைக்கும் வேஸ்ட் துணியாகப் போகின்றன. கழுத்து லேபிளை வெட்டிவிட்டு விற்கும் திருப்பூர் ஏற்றுமதி மிச்சமும் அதே குவியலில் கலந்து கிடக்கும். ஆக, அங்கே கிடைப்பது தேய்மானத்தில் தப்பிப் பிழைத்தவை மட்டுமே. உடம்பைக் கவ்விப்பிடித்த ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸில் இருக்கும் எலாஸ்டேன் இழை சூட்டாலும் ஓயாத துவைப்பாலும் இழுபடும் தன்மையை இழந்து, முட்டியில் பை போலத் தொங்கிவிடும். முழுப் பருத்தியில் நெய்த கனமான பழைய ஜீன்ஸ் அப்படிச் சீர்கெடுவதில்லை, அதுவோ பெரும்பாலும் அகலக் கால் வைத்தது. அகலமான பேண்ட் திரும்பி வந்ததற்கு நடிகர்களும் கொரியத் தொடர்களும் காரணம் என்று சொல்கிறார்கள். குவியலில் உயிரோடு மிஞ்சியது அதுதான் என்பதும் ஒரு காரணம் என்று தையல்காரர் மகளாக நான் சேர்த்துக்கொள்கிறேன்.

தங்கை மகள் பொறுக்கும் முறையைப் பார்த்தபோது அவளுக்குத் தாத்தாவின் கண் வாய்த்திருப்பதாகத் தோன்றியது. உடையை முதலில் உட்புறமாகத் திருப்புகிறாள். அக்குள், தொடையிடுக்கு, காலர் மடிப்பு ஆகிய மூன்று இடங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குகிறாள். கடைசியாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல், முகர்ந்து பார்க்கிறாள். அவளுடைய தோழியர் சிலர் இதே போன்ற உடைகளை இன்ஸ்டாகிராமில் "த்ரிஃப்ட்" என்ற பெயரில் வாங்குகிறார்கள். அங்கே அது நல்ல வெளிச்சத்தில் படமெடுக்கப்பட்டு மூன்று நான்கு மடங்கு விலைக்குப் போகிறது. விற்பவரின் உழைப்புக்குக் கூலி உண்டுதான், அதை நான் குறை சொல்லவில்லை. "பழசு" என்று சொன்னபோது புத்தகப்பையால் மறைத்த ஒன்று, இன்னொரு பெயர் வைத்ததும் முன்னால் வந்து நிற்கிறதே என்றுதான் வியக்கிறேன். அந்த வியப்பில் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது.

குறைக்குப் பெயர் மாற்றி விற்கும் வித்தை இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர். அங்கிருந்து வடக்கே போனால், 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டை வரும், அவர் பெயர்தான் நம் வாயில் அப்படித் திரிந்தது. மெட்ராஸ் என்ற ஊர்ப்பெயரையே தாங்கிக் கப்பலேறிய கட்டம் போட்ட கைத்தறித் துணிக்கு ஒரு பழக்கம் இருந்தது, துவைக்கத் துவைக்கச் சாயம் போகும். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அதை வாங்கிப்போனபோது, குளிர்ந்த நீரில் பதமாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை உடுத்துவோரைச் சென்று சேரவில்லை. ஒன்றோடொன்று கலந்து மங்கிய கட்டங்களோடு அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில், "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்றே விற்றவர்கள் விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் புதிய நிறம் காட்டும் துணி என்று அறுபதுகளில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைத் தேடி அணிந்தார்கள். அதே கட்டத்தைக் கைலியாக உடுத்திய எங்கள் தெருக்காரர்கள் சாயம் போனால் கடைக்காரரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜீன்ஸ் நன்றாகக் காய்ந்ததும், நீளம் இரண்டு அங்குலம் போதவில்லை என்று தெரிந்தது. அப்பாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் இன்னும் அதே சந்தில் ஆல்ட்டர் வேலை செய்கிறார் என்பதால் அவளை அங்கே அழைத்துப்போனேன். அவர் என்னை அடையாளம் கண்டு, "பாப்பா, அப்பா மெஷின் இன்னும் ஊட்ல இருக்குதா?" என்று விசாரித்துவிட்டு, பேண்ட்டின் கீழ் மடிப்பை விரலால் நெருடிப் பார்த்தார். உள்ளே துணி தாராளமாக இருந்தது. தையலைப் பிரித்து, மடிப்பை இறக்கி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியதும், பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு காலைச் சுற்றி நேராக ஓடியது. ஜீன்ஸ் நூலில் நீலச் சாயம் மேற்பரப்பில் மட்டுமே படிந்திருக்கும், உள்ளே நூல் வெள்ளைதான். மடிப்பின் விளிம்பு உரசி உரசி அந்த வெள்ளையை வெளியே கொண்டுவந்துவிடும்.

எனக்கு அந்தக் கோட்டை நன்றாகத் தெரியும். என் பினஃபோரை ஆண்டுதோறும் இறக்கிவிட்டபோது அது ஒன்று, இரண்டு, மூன்று என்று மரத்தின் வளையம் போல ஏறியது. பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு அம்மா நீல மையைத் தொட்டுத் தொட்டு அதன்மேல் தேய்ப்பார்.

"இந்தக் கோடு போவாதும்மா," என்றார் அண்ணன். "மேல ஒரு லேஸ் வெச்சு மறைச்சுத் தரட்டா?"

"ஐயோ வேணாம் தாத்தா," என்று பதறிப்போய்ப் பேண்ட்டை இரு கையாலும் இழுத்துக்கொண்டாள் அவள். "அடியில மடிச்சும் தெச்சிடாதீங்க. பிசிறு அப்படியே தொங்கணும்."

அண்ணன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு ஊசியில் கோத்திருந்த நூலை உருவி எடுத்துவிட்டு, பிரித்ததற்கு மட்டும் இருபது ரூபாய் கேட்டார்.