பிடி அரிசி

எங்கள் வீட்டு அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், மூடி நசுங்கிய ஒரு பிஸ்கட் டின் எப்போதும் இருந்தது. உழக்கால் அளந்த அரிசியைக் களைவதற்கு முன்பாக அம்மா அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, சத்தமில்லாத ஒரு ஜெபத்தோடு அந்த டின்னில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது மஞ்சள் பையில் ஆலயத்துக்குப் போகும்.

திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிடி அரிசிக் காணிக்கை புதிதல்ல. மிசோரம் சபைகளிலும் இதே வழக்கம் 1910 முதல் இருந்து வருகிறது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், இந்தியரின் காணிக்கையைக் கொண்டே ஊழியரை அனுப்புவது என்ற தீர்மானத்தோடு 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதை நினைக்கும்போது, இத்தகைய சிறு காணிக்கைகளின் கனம் எனக்குப் புரிகிறது.

ஒரு ஐப்பசி மழையில் பானை அடி தெரிந்த நாளன்று, “இன்றைக்கு விட்டுவிடுங்களேன் அம்மா” என்றேன். “பிடி சின்னதாகலாம், விட்டுப்போகக் கூடாது” என்று சொல்லி, விரல்களை ஒடுக்கிக்கொண்டு அள்ளினார்கள்.

என் காணிக்கை இப்போது மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது. வசதிதான், ஆனால் அது என்னிடம் எதையும் கேட்பதில்லை, நானும் அதை நினைப்பதில்லை. ஆகவே போன வாரம் ஒரு டின்னை வாங்கி வைத்தேன். நேற்று குக்கர் இரண்டாவது விசில் அடித்த பிறகுதான் நினைவு வந்தது; இன்று காலையில் இரண்டு பிடி போட்டேன்.