பாலியல் தொழிலைச் சட்டம் அனுமதித்தால், உரிமம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தொழில் செய்பவர்களுக்கு அடையாள அட்டை கொடுங்கள், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டங்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். உரிமம், ஆய்வு, அபராதம் எல்லாம் இத்தொழில் நடக்கும் விடுதியை நடத்துபவர் தலையில் விழ வேண்டும். தொழில் செய்பவர் தலையில் அல்ல.

ஜெர்மனியைப் பாருங்கள். 2002இலேயே இதை முறையான தொழிலாக ஏற்ற நாடு அது. 2017 ஜூலை 1 முதல் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் அரசு அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும் என்று ஆக்கினார்கள். 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; 21 வயதுக்குக் கீழ் என்றால் ஆண்டுதோறும். 2023 இறுதியில் பதிவில் இருந்தவர்கள் சுமார் 30,600 பேர். கணிசமானோர் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதைச் சட்டத்தை ஆதரிப்பவர்களும் மறுப்பதில்லை.

ஏன் வரமாட்டார்கள் என்பது தெரிந்ததே. குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமோ, குழந்தையின் பொறுப்பு பற்றிய வழக்கில் இந்தத் தாள் வந்து நிற்குமோ, நாளை வேறு வேலைக்குப் போகும்போது தடையாகுமோ என்ற பயம். விளைவுதான் மோசம். பதியாதவரை ஒருவர் அடித்தால் அவர் காவல் நிலையத்துக்குப் போகத் துணியமாட்டார், ஏனென்றால் அவரே சட்டத்தை மீறியவர். இது வாடிக்கையாளருக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த பதிவு, பாதுகாப்பு அதிகம் தேவைப்படுபவரைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது.

கட்டாய மருத்துவப் பரிசோதனையும் இப்படித்தான். அமெரிக்காவின் நெவாடாவில், விடுதிகளுக்கு அனுமதி உள்ள கிராமப்புற மாவட்டங்களில், வாரம் ஒருமுறை கொனோரியா, கிளமிடியா என்ற பாலுறவால் பரவும் நோய்களுக்குச் சோதனை. மாதம் ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை. சோதனை செய்துகொள்வது தொழில் செய்பவர் மட்டும்தான். வாடிக்கையாளருக்கு ஒன்றும் கிடையாது. அதோடு எச்.ஐ.வி. தொற்றிய பிறகு ஆய்வகப் பரிசோதனையில் தெரிய 18 முதல் 45 நாள் வரை ஆகலாம். ஆகவே 'நோய் இல்லை' என்ற சான்றிதழ் நேற்றைய நிலையைக்கூட உறுதி சொல்லாது. அந்தத் தாளைக் காட்டி "அப்புறம் எதற்கு ஆணுறை?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குத்தான் அது பயன்படும். நெவாடாவில் ஆணுறையும் கட்டாயம் என்பதால் அங்கே தப்பித்தார்கள். சோதனை இலவசமாக, பெயர் கேட்காமல், விரும்பும்போது கிடைக்க வேண்டும். கட்டாயம் என்பது ஆணுறைக்கு மட்டும் போதும். நியூசிலாந்துச் சட்டத்தில் ஆணுறையை மறுக்கும் வாடிக்கையாளருக்கும் அபராதம் உண்டு.

நான் மாதிரியாக எடுத்துக்கொள்வதும் நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். நாடாளுமன்றத்தில் 60க்கு 59 என்ற வாக்கில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. விடுதி நடத்துபவர் சான்றிதழ் பெற வேண்டும், அது ஓராண்டுதான் செல்லும். வன்முறை, மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவருக்குக் கிடையாது. சான்றிதழை வழங்குவது நீதிமன்றப் பதிவாளர், காவல்துறை அல்ல. இது சின்ன விஷயமில்லை. ரோந்து போகிறவர் கையிலேயே உரிமமும் இருந்தால் மாமூலுக்கு வழி திறந்துவிடும். நான்கு பேர் வரை சேர்ந்து, அவரவர் வருமானத்தை அவரவரே வைத்துக்கொண்டு, முதலாளி இல்லாமல் நடத்தினால் சான்றிதழே வேண்டாம். பாதுகாப்புக்காகத் தோழியோடு சேர்ந்து வீடு எடுப்பவர் குற்றவாளி ஆகாமல் காப்பது இந்த விலக்குதான்.

ஆய்வாளர் விடுதிக்குள் போனால் எதைப் பார்க்க வேண்டும்? ஜெர்மன் சட்டத்தில் இந்தப் பகுதி நன்றாகவே இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் அவசர அழைப்பு வசதி, உள்ளிருந்து எந்த நேரமும் திறக்கக்கூடிய கதவு, தொழில் செய்பவர் தன் பொருள்களைப் பூட்டி வைக்க இடம், தனி ஓய்வறை. தொழில் செய்யும் அறையில் தங்கித் தூங்க வைக்கக் கூடாது. அலாரம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. படுத்த நிலையில் கை எட்டுமா, அழுத்தினால் மறுமுனையில் யார் இருக்கிறார்கள், வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அழுத்திப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பணக் கணக்கு. அறை வாடகையைப் பணிநேரம் தொடங்கும்போதே வசூலித்தால், அந்தப் பெண் அன்றைய நாளைக் கடனோடு தொடங்குகிறார். குடித்துவிட்டு வரும் ஆளையோ முரட்டு ஆளையோ அவரால் மறுக்க முடியாது. தாமதத்துக்கு அபராதம், துணி துவைக்கக் கட்டணம், விளம்பரச் செலவு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தால் வார இறுதியில் மிஞ்சுவது சொற்பம். எனவே விதி இப்படி இருக்கட்டும்: பிடித்தம் எல்லாம் சம்பாதித்த பிறகு, எழுத்தில், உச்சவரம்போடு, அபராதமே கூடாது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தால் உரிமம் ரத்து. ஆய்வாளர் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதோடு, தொழில் செய்பவரிடம் முதலாளி இல்லாத இடத்தில், அவருடைய மொழியில் பேச வேண்டும். ஆள்கடத்தலும் கொத்தடிமைக் கடனும் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வரும்.

மறுக்கும் உரிமையைப் பெல்ஜியம் தெளிவாக எழுதியிருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் அங்கே வேலை ஒப்பந்தம் உண்டு. வாடிக்கையாளரை மறுக்கலாம், குறிப்பிட்ட செயலை மறுக்கலாம், பாதியில் நிறுத்தலாம். இதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது. ஆறு மாதத்தில் பத்து முறைக்கு மேல் மறுத்தால் முதலாளியோ தொழில் செய்பவரோ அரசின் சமரச சேவையை நாடலாம் என்றும் ஒரு விதி உண்டு. அந்த எண்ணிக்கை எனக்கு உடன்பாடில்லை. மறுப்புக்குக் கணக்கு வைத்தால் ஒன்பதாவது முறையிலேயே தயக்கம் வந்துவிடும்.

இடம் பற்றிய விதிகளை உள்ளாட்சியிடம் முழுதாக விட்டால் அதைத் தடையாக மாற்றிவிடுவார்கள். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகர மன்றம் விடுதிகளை ஒரு சிறு பகுதிக்குள் அடக்கப் போட்ட விதியை 2005இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

நியூசிலாந்துச் சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர் இத்தொழில் செய்யக் கூடாது. செய்தால் நாடு கடத்தப்படலாம் என்பதால் தாக்கப்பட்டாலும் வாய் திறக்க மாட்டார். ஜெர்மனியில் பதியாதவருக்கு நேர்வதேதான் இவருக்கும்.

சட்டம் அமலாகும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் இத்தொழிலில் இருக்கிறார்கள் என்று பெயர் வாங்காமல் மதிப்பிட்டு வைக்க வேண்டும். கிரைஸ்ட்சர்ச்சில் 1999இல் எடுத்த கணக்கு கையில் இருந்ததால்தான், 2006 கணக்கோடு ஒப்பிட்டு எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்று சொல்ல முடிந்தது. நியூசிலாந்துச் சட்டத்தை ஆராய்ந்து 2008இல் அறிக்கை தந்த குழுவின் 11 உறுப்பினர்களில் மூவரைப் பாலியல் தொழிலாளர் அமைப்பே பரிந்துரைக்கும்படி சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.