ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில், ஊபர் மாதிரி ஆப் டாக்சி ஓட்டுகிறவன் மால் வாசலில் ஆள் ஏற்றமாட்டான். ரூட்டில் ஓடும் மினிபஸ் டாக்சிக்காரர்களின் ஆட்கள் எங்களைத் தடுக்க அங்கே நிற்பார்கள். போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, ‘ரோட்டுக்கு வந்துடுங்க’ என்று மெசேஜ் அனுப்புவோம். ஒருமுறை சாட்ஸ்வொர்த் போகவேண்டிய ஆயா ஒருவர் இரண்டு கையிலும் பைகளோடு மூச்சிரைக்க வந்து பின்கதவில் கை வைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க ஆயா, முன்னால உக்காருங்க. பின்னால உக்காந்தா வாடகை வண்டின்னு தெரிஞ்சிடும்.”

“யாராச்சும் கேட்டா பேரன்னு சொல்லிக்கிறேன். நீ வண்டிய எடு.”

ஊபர் இந்த நாட்டுக்கு வந்தது 2013-ல். 2009-ஆம் ஆண்டுத் தரைப் போக்குவரத்துச் சட்டத்தில் எங்களுக்கென்று தனி இடம் இல்லாததால், மீட்டர் டாக்சி லைசென்ஸுக்குத்தான் மனுப் போட்டோம். மனு மாகாண அலுவலகத்தில் தூங்கும். லைசென்ஸ் இல்லையென்று போலீஸ் வண்டியை இழுத்துப் போனால் அபராதம், மீட்கிற செலவு, ஓடாத நாளுக்கும் கார் தவணை எல்லாம் நம் தலையில். கமிஷன் பிடித்த கம்பெனிக்கு ஒரு கீறல் விழாது.

2025 செப்டம்பர் 12-ல் வந்த புதிய விதிகள் அதை மாற்றப் பார்க்கின்றன. ஆப் கம்பெனியும் பதிவு செய்யவேண்டும். லைசென்ஸ் இல்லாத வண்டியை ஓடவிட்டால் அதற்கு 1 லட்சம் ராண்ட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை. இந்த ஒரு விதிக்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பயணிக்கு அபாயப் பொத்தான் வேண்டுமாம், அதுவும் சரிதான்.

தொண்டையில் சிக்குவது, வண்டியில் அடையாளம் ஒட்டவேண்டும் என்பது. விதிகள் வந்ததற்கு முந்தைய மாதம்தான் ஜோஹன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில், மபோன்யா மாலில், ஆப் டாக்சி ஓட்டுநர் ஒருவரைச் சுட்டுக் கொன்று காரையும் கொளுத்தினார்கள். புலி நடமாடும் காட்டில் ஆட்டுக்கு மணி கட்டி அனுப்புவது போலிருக்கிறது இது. மினிபஸ்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பெர்மிட்டுக்கு அலைந்து ரூட்டைப் பிடித்தவனுக்கு, நேற்று வந்தவன் போனைக் காட்டி எங்கும் ஆள் ஏற்றினால் வயிறு எரியத்தான் செய்யும். அதனால்தான் சொல்கிறேன்: முதலில் லைசென்ஸ் கையில் கொடுங்கள், மால் வாசலில் எங்களுக்கும் நிறுத்த ஓரிடம் ஒதுக்கிக் காவல் போடுங்கள், பிறகு ஸ்டிக்கருக்கு வாருங்கள்.

மனு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனபோது, காந்தம் வைத்த பலகை போதுமா என்று கேட்டேன்.

“எதுக்கு, அப்பப்போ கழட்டவா?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

ஆமாம் என்றேன்.