அப்பாரு இறந்த பதிவைத் தேடி எடுத்த அனுபவம்

தோட்டத்துப் பட்டா இன்னும் அப்பாரு (தாத்தா) பெயரிலேயே கிடப்பது கொங்குப் பக்கத்தில் புதுமையான செய்தியன்று. அப்பாவும் பெரியப்பாவும் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துக்கொண்டு, நடுவில் வரப்புப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் வெள்ளாமை செய்துவந்த வரையில் எவரும் எங்களிடம் காகிதம் கேட்கவில்லை. கிணற்று மின் இணைப்பைப் பெயர் மாற்றப் போனபோதுதான் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்ற வரிசை எங்கள் முன் வந்து நின்றது. பின்னிரண்டையும்விட முதல் காகிதமே எங்களை அதிகம் படுத்தியது. 2018-க்குப் பிறகு நிகழ்ந்த இறப்பாக இருந்தால் இணையத்திலிருந்தே சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இறப்புக்கு, அந்தக் காலத்துப் பதிவேடு இன்று எந்த அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும்.

இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் முதல் மனக்குறை. கிராம நிர்வாக அலுவலர் மரியாதையாகவே பேசினார். தம்மிடம் அண்மைக்காலப் புத்தகங்கள் மட்டுமே இருப்பதாகவும், பழையவை மேலே போய்விட்டதாகவும் சொன்னார். மேலே என்றால் வட்டாட்சியர் அலுவலகம் என்று எண்ணி அங்கே போனால், பிரிவில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலேயே, "அதெல்லாம் மணியக்காரர் காலத்து நோட்டுங்க, 1980-ல அவங்க வேலை போனப்ப யாரும் ஒப்படைக்கலீங்க" என்று முடித்துக்கொண்டார். 1980-இல் கர்ணம், மணியக்காரர் என்ற பழைய கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டது உண்மை. ஆனால் கிராமத்தில் எழுதி முடித்த பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் அதற்கு முன்பும் உரிய காலத்தில் மேல் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு வந்தவையே. கிராமப் பகுதிப் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. அப்பாரு இறந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒழிந்த பதவியைக் காட்டி அந்தப் புத்தகமே இல்லை என்று சொன்ன பதிலில் பொருளே இல்லை. அன்று அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு விவரம் தெரிந்திருக்கவில்லை.

அந்த எழுத்தர் கூடவே ஓர் உதவியும் செய்ய முன்வந்தார். "பதிவு இல்லைன்னு ஒரு சான்று எழுதித் தர்றனுங்க, அதை வெச்சு ஆர்டிஓ ஆபீஸ்ல புதுசாப் பதிஞ்சுக்கங்க" என்றார். ஓராண்டுக்கு மேல் பதியப்படாமல் விடுபட்ட இறப்பை வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்டிஓ) ஆணை பெற்றுப் பதியலாம் என்பது சரியான வழிதான். ஆனால் அது உண்மையிலேயே பதிவு இல்லாதவர்களுக்கான வழி. பழைய பதிவு எங்கோ இருக்கும்போது இல்லாமைச் சான்றை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்றைப் பதிந்துவிட்டு, பிற்பாடு பழையது வேறொரு தேதியோடு வெளிப்பட்டால், சொத்து விவகாரத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட வசதியான ஆயுதம் கிடைக்காது. எங்கள் ஊரிலேயே ஒரு குடும்பம் இப்படி இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கிறது. ஆகவே, உரிய அலுவலகத்தில் உரிய ஆண்டுகளின் புத்தகங்களைப் பார்த்து முடிக்கும் வரையில் இல்லாமைச் சான்று கேட்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு சிக்கல் காத்திருந்தது. எங்கள் ஊர் இன்று எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே 1970-களின் புத்தகம் இல்லை. இந்தப் பகுதியின் வரலாறு அப்படி: எங்கள் ஊர் அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டம்; 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது, பிற்பாடு அதுவே ஈரோடு மாவட்டமாகப் பெயர் மாறியது, 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது இங்கே வந்து சேர்ந்தது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இதற்கிடையில் சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லைகளும் பிரிக்கப்பட்டன. பிரித்தபோது கிராமம் புதிய அலுவலகத்துக்கு மாறினாலும், பழைய புத்தகம் தாய் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. கவுண்டரில் இருந்தவர் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். "இங்க இல்லீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார், "அப்ப எங்கீங்க?" என்று கேட்டதற்கு, "எங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றார்.

இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒற்றைத் தாள் மனுவில், இன்ன வருவாய்க் கிராமத்தின் 1970 முதல் 1980 வரையிலான இறப்புப் பதிவேடுகள் தற்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன என்று மட்டும் கேட்டோம். "ஏன் தரவில்லை", "யார் பொறுப்பு" என்றெல்லாம் கேட்டால், அவை தகவல் ஆகா என்று தட்டிக்கழிப்பார்கள். கையிருப்பில் உள்ள ஆவணத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு நமக்குப் பெரிய உபகாரம்: மனு தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தாலும், அவர்களே ஐந்து நாட்களுக்குள் சரியான அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் மனு அவ்வாறு கைமாறிப் போய், நாங்கள் எண்ணியே பாராத ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து, புத்தகங்கள் தங்களிடம் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனபோது வரவேற்பே வேறாக இருந்தது.

அடுத்தது ஆண்டு. தேடுவதற்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு. அதைவிட, ஆண்டு தெரியாமல் போனால் எழுத்தர் புத்தகத்தையே திறக்க மாட்டார். இரங்கல் அறிவிப்பைப் பார்த்துத் தேதியைத் தெரிந்துகொள்ளலாம் என்பது நகரத்துக் குடும்பங்களுக்குப் பொருந்தும். நாளிதழில் விளம்பரம் கொடுத்த வழக்கமும், இறந்த ஆண்டும், பதிப்பு வெளியான ஊரும் தெரிந்திருந்தால் சென்னை கன்னிமாரா நூலகம் வரை போய்ப் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அன்று எழவுச் சேதி ஆள் மூலமும் கடுதாசி மூலமுமே போயிற்று. அந்தக் கடுதாசியையும் கருமாதிப் பத்திரிகையையும் வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். தேவையான காகிதத்தை நாமே தேடி அழித்துவிடும் இந்தப் பழக்கத்தை நினைத்து அப்போது எரிச்சலே வந்தது.

எங்களுக்குக் கிடைத்தது தோட்டத்துச் சமாதியில் பதித்திருந்த கல். சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசியதில் எழுத்துகள் மூடிப்போயிருந்தன. தென்னங்குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்த பிறகு "ஆனந்த வருடம் தை மாதம் 19" என்பது தெளிந்தது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் "ஆனந்த" என்றதுமே 1974 என்று எழுதிவிட்டார். ஆனந்த வருடம் 1974 சித்திரையில் பிறந்தது என்னவோ சரிதான். ஆனால் அதன் தை மாதம் 1975 ஜனவரி நடுவில்தான் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனியில் இறந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். தை 19 என்பது 1975 பிப்ரவரி 1, சனிக்கிழமை. அத்தையிடம் கேட்டபோது, "தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி போனவங்க திரும்பி வந்த வாரம் சாமி, காவடிச் சோறுகூட எங்க ஊட்டுல யாரும் உங்கல" என்றார். அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி கடைசியில் வந்ததால் கல்லும் அத்தையும் ஒத்துப்போயினர். மனுவைத் திருத்தி எழுதினோம்.

தேடும் நாளில் நாமும் அருகில் இருப்பது நல்லது. பதிவேட்டைச் சட்டப்படி தேடிப் பார்க்கக் கேட்பது நம் உரிமை. இறந்தவரின் வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழுப்பேறிய நீளப் புத்தகம். ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. வரிசை எண், இறந்த தேதி, பெயர், வயது, தகப்பனார் பெயர், தகவல் கொடுத்தவர் என்று நீல மையில் கோடு போட்ட கட்டங்கள். எழுத்தர் பிப்ரவரிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு இல்லை என்று மூடப் போனார். பதிவுகள் இறந்த தேதி வரிசையில் அல்ல, பதிந்த தேதி வரிசையில் இருக்கும் என்பதால், மார்ச் மாதத்தையும் பார்க்கச் சொன்னோம். மார்ச் முதல் வாரத்தில், தகவல் கொடுத்தவர் கட்டத்தில் பெரியப்பாவின் கைநாட்டோடு அப்பாருவின் பதிவு இருந்தது. படிப்பறிவில்லாத பெரியப்பா நேரில் போய் மணியக்காரரிடம் பதிந்துவிட்டு வந்த விவரம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சான்றிதழ் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இறப்பின் காரணம் நகலில் வராது. சட்டமே அதை வெளியிடக் கூடாதென்கிறது, ஆகவே அதற்காகச் சண்டை போட வேண்டாம். பெயரை எழுத்தெழுத்தாகக் கவுண்டரை விட்டு நகரும் முன்பே சரிபார்க்க வேண்டும், கேட்கும்போதே நகல்களைக் கூடுதலாகக் கேட்டுவிட வேண்டும். பட்டாவில் அப்பாருவின் முழுப்பெயர் இருக்க, பதிவேட்டில் ஊரார் கூப்பிடும் குறும்பெயர் மட்டுமே இருந்தது. பதிவேட்டைத் திருத்தச் சட்டத்தில் வழி இருந்தாலும், அதில் இறங்கினால் இன்னொரு சுற்று அலைய வேண்டியிருக்கும் என்று, இருவரும் ஒரே நபர்தான் என்ற சான்றைக் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கையோடு பெற்றுக்கொண்டோம். தகப்பனார் பெயரும் ஊரும் பதிவேட்டிலும் பட்டாவிலும் ஒன்றாக இருந்ததால் அதில் தடங்கல் வரவில்லை. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவர் "பார்த்துச் செய்யுங்க" என்றதற்கு, கட்டணத்துக்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். வாரிசுச் சான்றிதழுக்கான மனு இப்போது விசாரணையில் இருக்கிறது. பெரியப்பாவின் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து அவருடைய ஆதார் நகல் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.